தேவதூஷணமும் கல்லெறிதலும்: பண்டைய இஸ்ரவேலின் ஒரு சட்டம் பற்றி

லேவியராகமத்தை முழுதாக வாசித்தவர்கள் குறைவு. வருஷத்துக்கு ஒருமுறை வேதாகமத்தை முடித்துவிடுவதென்று ஜனவரியில் தொடங்குகிறவர்கள் பலரும் பிப்ரவரியில் இந்தப் புத்தகத்தில்தான் சிக்கி நின்றுபோவார்கள். எந்தக் கொழுப்பை எப்படி எரிப்பது, எந்தப் புண் தீட்டு, எந்த வெட்டுக்கிளியைத் தின்னலாம் என்று போய்க்கொண்டே இருக்கும். ஆசாரியப் பட்டமேற்புச் சடங்கைக் கழித்துவிட்டுக் கதை என்று பார்த்தால் இரண்டே இடம்தான். ஆரோனின் மகன்கள் நாதாபும் அபியூவும் முறையற்ற நெருப்பைக் கொண்டுவந்து எரிந்து சாவது ஒன்று (10ஆம் அதிகாரம்). பெயர் தெரியாத ஒருவன் கல்லெறிந்து கொல்லப்படுவது மற்றொன்று (24:10–23). விதிகளாலான ஒரு பிரதி இரண்டே தடவை கதை சொல்ல வாய் திறக்கிறது. இரண்டு தடவையும் பிணம் விழுகிறது.

நான் பேச நினைப்பது இரண்டாவது கதையை. எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் பாளையமிறங்கியிருக்கிறது கூட்டம். அதில் ஒருவன். தாய் இஸ்ரவேல் பெண், தகப்பன் எகிப்தியன். பாளையத்துக்குள் ஒரு இஸ்ரவேல் ஆணோடு இவனுக்குச் சண்டை வருகிறது. சண்டையில் இவன் 'பெயரை'ச் சொல்லிச் சபித்துவிடுகிறான். பிடித்து மோசேயிடம் கொண்டுபோகிறார்கள். என்ன தண்டனை என்பது அதுவரை சொல்லப்பட்டிருக்கவில்லை. ஆகவே காவலில் வைக்கிறார்கள். பிறகு கடவுளின் தீர்ப்பு வருகிறது. பாளையத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் அவன் தலைமேல் கைவைக்க வேண்டும். சபை முழுவதும் கல்லெறிய வேண்டும். அப்படியே செய்தார்கள் என்று கதை முடிகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது இந்தக் காலவரிசையை. செயல் முந்தி, தண்டனைச் சட்டம் பிந்தி. ஆளைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டுச் சட்டம் எழுதுகிறார்கள். அலெக்சாண்டிரியாவின் யூதத் தத்துவவாதி ஃபிலோ கி.பி. முதல் நூற்றாண்டிலேயே இதைப் போன்ற வழக்குகளைச் சேர்த்துவைத்துப் பார்த்திருக்கிறார். மோசே பதில் தெரியாமல் கடவுளிடம் கேட்கும் வழக்குகள் மொத்தம் நான்கு. பிணத்தீட்டால் பஸ்கா கொண்டாட முடியாதவர்கள் கேட்டபோது இரண்டாவது பஸ்கா கிடைத்தது. ஆண் பிள்ளையில்லாமல் செத்த செலோப்பியாத்தின் மகள்கள் ஐந்து பேர் நிலத்தில் பங்கு கேட்டபோது பங்கு கிடைத்தது. ஓய்வுநாளில் விறகு பொறுக்கியவனுக்கும் நம்மாளுக்கும் கல் கிடைத்தது. ஆக, கேட்டால் கதவு திறக்கவும் செய்யும் என்பது பிரதிக்கே தெரிந்திருக்கிறது. யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதுதான் விஷயம்.

சரி, அவன் என்னதான் சொன்னான்?

தெரியாது. பிரதி சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சொன்னால் எழுதியவனும் வாசித்தவனும் அதே குற்றத்தைச் செய்தவர்கள் ஆகிவிடுவார்கள். எபிரேய மூலத்தில் சம்பவம் வரும் வசனத்தில் 'பெயர்' என்று மட்டும்தான் இருக்கிறது, இன்னாருடைய பெயர் என்றுகூட இல்லை. இரண்டு வினைச்சொற்கள் வருகின்றன. ஒன்றின் வேர் 'நகப்'. துளைத்தல் என்பது அதன் ஒரு பொருள், குறித்துச் சொல்லுதல் என்பது இன்னொரு பொருள். மற்றதன் வேர் 'கலல்': இலேசாக இருத்தல், இலேசாக்குதல், அதிலிருந்து இகழ்தல், சபித்தல். இதற்கு எதிர்ச்சொல்லாக வருவது 'காவேத்', அதாவது கனமாயிருத்தல். தாய்தகப்பனைக் கனம்பண்ணு என்று தமிழ் வேதாகமத்தில் வருகிறதே, அந்தக் கனம். நம் மொழியிலும் கனம் என்பது எடையும்தான், மதிப்பும்தான். நீதிபதிக்கு முன்னால் நாம் போடுவதும் அதைத்தான். கடவுளின் கனத்தைக் குறைத்தவன்மேல் கல்லின் கனம் ஏற்றப்படுகிறது என்று சொல்லத் தோன்றுகிறது. சொல் விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். இந்தப் பகுதியில் மூலமே இப்படித்தான் விளையாடுகிறது.

தாயின் பெயர் செலோமித். தாண் கோத்திரத்துத் திப்ரியின் மகள். லேவியராகமம் முழுவதிலும் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் இவள்தான். செலோமித் என்ற பெயரின் வேர் சமாதானத்தையும் குறிக்கும், திருப்பிக் கொடுத்தலையும் குறிக்கும். திப்ரி என்பதில் 'சொல்' இருக்கிறது. தாண் என்றால் நியாயந்தீர்த்தல். மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1999இல் வெளிவந்த தம் லேவியராகம நூலில் இந்தப் பெயர்க்கோவையின் வினோதத்தைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். சொல், தீர்ப்பு, பதிலடி ஆகிய மூன்றும் அம்மாவின் வம்சாவளியிலேயே கோத்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மகனுக்குப் பெயர் இல்லை. ஒரு பெயரை உச்சரித்ததற்காகக் கொல்லப்பட்டவனின் பெயர் பிரதியில் இல்லை. எகிப்தியத் தகப்பனின் பெயரும் இல்லை.

குற்றச்சாட்டு மிஞ்சியிருக்கிறது, பேச்சு மிஞ்சவில்லை. தேவதூஷணச் சட்டங்களின் வரலாற்றை வாசிக்கிறவனுக்கு இது அடிப்படையான சங்கடம். திருட்டில் திருடுபோன பொருள் உண்டு. கொலையில் உடல் உண்டு. இங்கே தடயம் என்பது திரும்பச் சொல்லக்கூடாத ஒரு வாக்கியம். ஆகவே தண்டிக்கப்பட்டவனின் சொல்லை நம்மால் மீட்க முடியாது. ஆனால் அந்தச் சொல்லுக்கு ஒரு நிமிஷம் முன்னால் என்ன நடந்தது என்று கேட்கலாம். லேவியராகமம் அதற்கு ஒரே ஒரு துப்பு விட்டுவைத்திருக்கிறது: சண்டை. எதைப் பற்றிய சண்டை?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பழைய ரபிகள். லேவியராகமத்துக்கான பழைய வியாக்கியானமான சிஃப்ராவும், கி.பி. 5ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்ட லேவியராகம ரப்பாவும் ஒரு கதை சொல்கின்றன. இவன் தாண் கோத்திரத்தின் பகுதியில் கூடாரம் அடிக்கப் போனான். உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். என் தாய் தாண் கோத்திரத்துக்காரி என்றான். பாளையத்தில் இடம் தகப்பன் வீட்டு வழியாகத்தான், தாய் வழியாக இல்லை என்றார்கள் (எண்ணாகமம் 2ஆம் அதிகாரம் சொல்லும் ஏற்பாடு அது). மோசேயின் நீதிமன்றத்துக்குப் போனான். வழக்குத் தோற்றது. வெளியே வந்து சபித்தான்.

கூடாரம் அடிக்க இடமில்லை என்பதன் பொருளை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரபிகள் இதோடு நிற்கவில்லை. அந்த எகிப்தியத் தகப்பன் யார்? செங்கல் சூளைக்காலத்து மேஸ்திரி என்கிறார்கள். விடியுமுன்னே ஒரு எபிரேயனை வேலைக்கு விரட்டி அனுப்பிவிட்டு, இருட்டில் அவன் வீட்டுக்குள் நுழைந்து, புருஷன்தான் வந்திருக்கிறான் என்று அவள் நினைக்கும்படி செய்தவன். பிறகு அந்தப் புருஷனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று அறிந்து அவனை அடித்துக்கொண்டிருந்தபோது மோசே பார்த்துவிட்டுக் கொன்றாரே (யாத்திராகமம் 2), அந்த எகிப்தியன்தான் இவன் என்று முடிச்சுப் போடுகிறார்கள். மோசே எதைக்கொண்டு கொன்றார்? ஒரு மரபின்படி, கையால் அல்ல. 'பெயரை' உச்சரித்தே கொன்றார். 11ஆம் நூற்றாண்டின் பெரிய உரைகாரர் ராஷி இந்த மரபை எடுத்துத் தம் உரையில் போட்டுவைத்திருக்கிறார். அதாவது தகப்பனைப் பெயரால் கொன்றவரிடம் மகன் நீதி கேட்டுப் போகிறான், கிடைக்கவில்லை, அதே பெயரை எடுத்து வீசுகிறான். அதற்காக அவனும் கொல்லப்படுகிறான். பெயரை ஆயுதமாக்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கோட்பாட்டாளரும் எழுதிவிட முடியாது. ரபிகள் அவன் பக்கம் நின்று இதைச் சொல்லவில்லை என்பதும் உண்மை. அதே வியாக்கியானங்கள் செலோமித்தை வாயாடி, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சலாம் சொன்னவள் என்று அவள் பெயரைப் பிரித்து ஏளனம் செய்கின்றன. இருட்டில் ஏமாற்றப்பட்டவள்மேலேயே பழி. ஆனாலும் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். பதிலை மறைக்கவில்லை.

இது பிற்காலக் கற்பனைதானே, லேவியராகமத்தில் இல்லையே என்று கேட்கலாம். நியாயம். ஆனால் பிரதி ஏன் அவனுடைய கலப்பை முன்வைக்கிறது? அவன் எகிப்தியனின் மகன் என்று சொல்லாமலே சட்டத்தைச் சொல்லியிருக்கலாமே. 17 முதல் 26 வரையான அதிகாரங்களைப் 'பரிசுத்தச் சட்டத்தொகுதி' என்று தனியாகப் பிரித்து 1877இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் குளோஸ்டர்மன். அந்தத் தொகுதியை பாபிலோனியச் சிறையிருப்பை ஒட்டியோ அதன் பின்னரோ வைக்கிறவர்கள் பலர். ஜேக்கப் மில்க்ரோம் போன்றவர்கள் அதற்கு முந்தைய காலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பிந்தைய காலம் என்றால் அது எஸ்றா, நெகேமியாவின் சூழலுக்கு நெருங்கிய காலம்: அந்நியப் பெண்களைக் கட்டியவர்கள் மனைவிகளையும் பிள்ளைகளையும் அனுப்பிவிடும்படி கட்டாயப்படுத்தப்பட்ட காலம். பாதி அஸ்தோத் மொழி பேசிய பிள்ளைகளின் தகப்பன்மாரை ஆளுநர் நெகேமியா அடித்தார், மயிரைப் பிடுங்கினார், சபித்தார் என்று அவர் பெயரிலுள்ள புத்தகமே சொல்கிறது (13:25). அங்கே 'சபித்தார்' என்பதற்கு வரும் எபிரேய வினையும் கலல்தான். ஆளுநர் கடவுளைச் சபிக்கவில்லை, மனிதர்களைத்தான் சபித்தார், இரண்டும் ஒன்றாகுமா என்பார்கள். ஒன்றாகாது. நான் சொல்ல வருவது, கலப்புக் குடும்பம் என்றதும் யார் வாயிலிருந்து சாபம் வருகிறது, யார் தலையில் விழுகிறது என்பதைத்தான்.

கதையின் நடுவில் இன்னொரு விசித்திரம். தீர்ப்புச் சொல்லிவிட்டு உடனே கல்லெறிவதில்லை. இடையில், உயிருக்கு உயிர், முறிவுக்கு முறிவு, கண்ணுக்குக் கண் என்ற பதிலடிச் சட்டம் முழுசாக வருகிறது. மிருகத்தைக் கொன்றவன் மிருகம் கொடுக்க வேண்டும் என்பதும் வருகிறது. ஒருவன் செய்த அளவுக்கே அவனுக்குச் செய்யப்பட வேண்டும் என்ற அளவுக் கோட்பாடு. அதைச் சொல்லி முடித்த கையோடு, யாருடைய கண்ணையும் பிடுங்காத, பல்லையும் உடைக்காத ஒருவனைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். வாயிலிருந்து வந்த காற்றுக்கு உடல் ஈடு. தன் அளவுக்குள் வராத தண்டனையைப் பிரதி தன் அளவுச் சட்டத்தின் மடியிலேயே வைத்திருக்கிறது. தற்செயலா, திட்டமா என்று அறிஞர்கள் வாதிடட்டும்.

இதே இடத்தில்தான் புகழ்பெற்ற அந்த விதியும் இருக்கிறது: பரதேசிக்கும் சுதேசிக்கும் ஒரே நியாயம். மேடைகளில் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் விதி. லேவியராகமம் 19ஆம் அதிகாரம் அந்நியனை உன்னைப்போல நேசி என்று சொல்வதையும் நான் மறக்கவில்லை. எசேக்கியேல் 47ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போய், நிலத்தைப் பங்கிடும்போது உங்கள் நடுவே பிள்ளை பெற்று வாழும் அந்நியருக்கும் பங்கு கொடுங்கள் என்கிறது. ஆனால் 24ஆம் அதிகாரத்தில் ஒரே நியாயம் என்ற சொல் எங்கே வருகிறது என்று பாருங்கள். ரபிகளின் கதையையும் சேர்த்து வாசித்தால், கூடாரம் அடிக்கும்போது இவன் எகிப்தியனின் மகன். கல்லெறியும்போது எல்லோருக்கும் சமம்.

கல்லெறிதல் என்ற வடிவத்தைப் பற்றியும் கொஞ்சம். ஃபூக்கோவின் தண்டனை பற்றிய நூல் (1975), 1757இல் பாரிஸில் தாமியேன் என்பவன் பொதுவெளியில் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட காட்சியோடு தொடங்கும். அங்கே ராஜாவின் கொலையாள் இருக்கிறான், அவனுக்குக் கருவிகள் இருக்கின்றன. இங்கே கொலையாள் இல்லை. எல்லோரும் எறிகிறார்கள், எந்தக் கல் கொன்றது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு முன்னால் கேட்டவர்கள் தலையில் கைவைக்கிறார்கள். பலியிடும் மிருகத்தின் தலையிலும், பாவத்தைச் சுமந்து வனாந்தரத்துக்குப் போகும் வெள்ளாட்டின் தலையிலும் வைக்கும் அதே கை. கேட்ட காதும் தீட்டுப்பட்டுவிட்டது, அந்தத் தீட்டை அவன் தலையிலேயே திருப்பி இறக்கிவைத்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

இப்போது யெஸ்ரயேலுக்குப் போவோம். 1 இராஜாக்கள் 21. சண்டை எதற்கு என்று பிரதியே வெளிப்படையாகச் சொல்லிவிடும் கதை இது. ஆகாப் ராஜாவின் அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்தின் திராட்சைத் தோட்டம். ராஜாவுக்கு அதைக் கீரைத்தோட்டம் ஆக்க ஆசை. வேறு நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் பணம் தருகிறேன் என்கிறான். பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்கமாட்டேன் என்கிறான் நாபோத். ராஜா சாப்பிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துக்கொள்கிறான். யேசபேல் காரியத்தைக் கையில் எடுக்கிறாள். ராஜா பெயரில் கடிதம், ராஜாவின் முத்திரை, ஊர் மூப்பர்களுக்கு உத்தரவு. உபவாசம் அறிவிக்கிறார்கள். சபை கூடுகிறது. இரண்டு போக்கிரிகள் நாபோத்துக்கு எதிரே உட்கார்ந்து, இவன் கடவுளையும் ராஜாவையும் தூஷித்தான் என்று சாட்சி சொல்கிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லெறிகிறார்கள். ராஜா தோட்டத்துக்குள் இறங்குகிறான்.

இதில் சட்டம் எங்கே மீறப்பட்டது? சாட்சி பொய் என்பதைத் தவிர வேறெங்கும் இல்லை. ஒரு சாட்சியால் ஒருவனைக் கொல்லக்கூடாது, இரண்டு பேர் வேண்டும் என்கிறது உபாகமம் (17:6). இரண்டு பேர் இருந்தார்கள். வெளியே கொண்டுபோக வேண்டும், போனார்கள். எல்லோரும் எறிய வேண்டும், எறிந்தார்கள். கடவுளையும் தலைவனையும் சபிக்கக்கூடாது என்று யாத்திராகமம் 22:28 இருவரையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்கிறது. குற்றச்சாட்டும் அந்த வரிசையிலேயே இருவரையும் சேர்த்துக்கொண்டது. நாபோத்தின் மகன்களும் கொல்லப்பட்டார்கள் என்பது போகிற போக்கில் வேறொரு இடத்தில் (2 இராஜாக்கள் 9:26) தெரியவருகிறது. வாரிசு இல்லை, தோட்டம் காலி. தூஷணக் குற்றச்சாட்டு ஒரு நிலப் பத்திரம்போல வேலை செய்திருக்கிறது.

ஆகாப் வரலாற்று மனிதன்தான். கி.மு. 853இல் கர்கார் போரில் தன்னை எதிர்த்த ராஜாக்களில் ஒருவனாக அசீரிய மன்னன் மூன்றாம் சல்மனேசர் அவன் பெயரைக் கல்லில் பொறித்திருக்கிறான். யெஸ்ரயேலில் 1990 முதல் 1996 வரை நடந்த அகழ்வாய்வில் மதிலும் அகழியும் கொண்ட பெரிய அரண் வெளிப்பட்டது. பின்னால் அந்த மேட்டின் அடியில் பாறையில் வெட்டிய திராட்சை ஆலையும் கிடைத்தது. உடனே நாபோத்தின் தோட்டம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்ல ஆள் இருப்பார்கள். அதெல்லாம் நிரூபணம் ஆகாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அலெக்சாண்டர் ரோஃபே 1988இல் எழுதிய ஒரு கட்டுரையில், இந்தக் கதை இப்போதுள்ள வடிவத்தில் பாரசீக ஆட்சிக்காலத்தது என்று மொழிச் சான்றுகளோடு வாதிட்டார். அது நெகேமியா 5ஆம் அதிகாரத்தின் காலமும்கூட. வயலையும் தோட்டத்தையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளை அடிமைகளாக விற்கிறோம் என்று ஜனங்கள் கூக்குரலிட்ட காலம். அப்படியென்றால் நிலம் இழந்துகொண்டிருந்தவர்கள் மத்தியில் யாரோ ஒருவர் பழைய ராஜா ஒருவனின் பெயரை வைத்து, இந்தச் சட்டம் எப்படிப் பயன்படும் தெரியுமா என்று சொல்லிவைத்திருக்கிறார். தன் சட்டத்தின்மேல் தானே சந்தேகப்பட்டு ஒரு கதையையும் பக்கத்தில் வைத்துக்கொண்ட மரபு இது. இந்த நேர்மை மற்ற எல்லா மரபுகளிலும் கிடைப்பதில்லை.

நாபோத் கதையில் இன்னொன்று. மூலத்தில் அந்தப் போக்கிரிகள் 'சபித்தான்' என்று சொல்வதில்லை. 'ஆசீர்வதித்தான்' என்கிறார்கள்! 'பாரக்' என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. யோபு புத்தகத்திலும் இதே கதைதான். பிள்ளைகள் கடவுளை மனதுக்குள் ஆசீர்வதித்திருப்பார்களோ என்று யோபு பயந்து பலியிடுகிறார். கடவுளை ஆசீர்வதித்துவிட்டுச் செத்துப்போம் என்கிறாள் மனைவி. கடவுள் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் சபித்தல் என்ற சொல்லை எழுத எழுத்தர்களின் கை கூசியிருக்கிறது. நன்னூல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. சுடுகாட்டை நன்காடு என்பது மங்கலம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளைப் பார்த்துத் 'தூஷித்தல்' என்றே பெயர்த்துவிட்டதால் அந்தக் கூச்சம் நம் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. மூலத்தை வாசிக்கிறவனுக்கோ தூஷணம் நடக்கும் இடத்திலெல்லாம் ஆசீர்வாதம்தான் எழுதியிருக்கும்.

கல்லெறியப்படாத தூஷணனும் இருக்கிறான். கி.மு. 701. அசீரிய மன்னன் சனகெரிபின் படை யூதாவுக்குள் புகுந்திருக்கிறது. அவனுடைய அதிகாரி ரப்சாக்கே எருசலேம் மதிலுக்கு வெளியே நின்றுகொண்டு, உங்கள் கடவுள் உங்களைக் காப்பாற்றப்போகிறதா, மற்ற ஊர்க் கடவுள்கள் காப்பாற்றியதா என்று கத்துகிறான். அதுவும் யூதர் பாஷையிலேயே. தயவுசெய்து அரமேய மொழியில் பேசுங்கள், எங்களுக்குப் புரியும், மதில்மேல் இருக்கிற ஜனங்களுக்குக் கேட்க வேண்டாம் என்று கெஞ்சுகிறார்கள் ராஜாவின் அதிகாரிகள். அவர்களுக்காகத்தான் பேசுகிறேன் என்கிறான் அவன். தூஷணத்தில் இதைவிடப் பெரிய தூஷணம் இல்லை. என்ன நடந்தது? எசேக்கியா ராஜா தன் துணியைக் கிழித்துக்கொண்டார். அவ்வளவுதான். பின்னால் ஒரே இரவில் தேவதூதன் அசீரியரைச் சங்கரித்தான் என்கிறது பிரதி. இருக்கட்டும், அது கடவுளின் பாடு. மனிதர்களின் சட்டம் படை வைத்திருக்கிறவன் வாயை நோக்கிக் கல் எடுக்கவில்லை.

இத்தனைக்கும் காரணமான அந்தப் பெயர் எப்போதும் வாயில் வராத பெயராகவா இருந்தது? இல்லை. 1935இல் லாகீசில் கிடைத்த ஓட்டுச்சில்லு எழுத்துகளைப் பாருங்கள். எருசலேம் பாபிலோனியரிடம் விழும் தறுவாயில், கி.மு. 587ஐ ஒட்டி, படைக்காவலில் இருந்த ஒருவன் தன் மேலதிகாரிக்கு மசியால் எழுதியவை. எல்லாம் வல்ல பெயர் அங்கே கடித முகமனாக வந்துகொண்டே இருக்கிறது. நாலு எழுத்தையும் முழுசாக எழுதியிருக்கிறான். நாம் 'நலம், நலமறிய ஆவல்' எழுதுவதைப்போல. ரூத்தின் கதையில் போவாஸ் வயலுக்கு வந்து அறுப்பறுக்கிறவர்களை அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துகிறார், கூலியாட்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பதில் வாழ்த்துகிறார்கள். கதிர் அறுக்கும் வாயில் புழங்கிய பெயர் அது.

அது எப்போது, எப்படி மேலே ஏறியது என்பது நீண்ட கதை. கிரேக்க மொழிபெயர்ப்பில் லேவியராகமம் 24:16 'பெயரைப் பெயராகச் சொல்கிறவன்' சாக வேண்டும் என்ற பொருள் தரும்படி பெயர்க்கப்பட்டிருக்கிறது. சபித்தல்கூட வேண்டாம், உச்சரித்தாலே போதும் என்று ஆகிவிட்டது. சாக்கடல் ஓரத்துக் கும்ரான் குழுவினர் தங்கள் ஒழுங்குநூலில், வாசிக்கும்போதோ பயத்திலோகூட அந்தப் பெயரைச் சொல்லிவிட்டவனைத் திரும்பச் சேர்க்காதபடி விலக்கினார்கள், கொல்லவில்லை. எருசலேம் ஆலயத்தில் பாவநிவாரண நாளன்று பிரதான ஆசாரியர் வாயிலிருந்து அது வரும், கேட்டவர்கள் தரையில் விழுவார்கள் என்கிறது மிஷ்னா. கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை எரித்தார்கள். சொல்ல இடமும் போனது. எபிரேய எழுத்து மெய்களை மட்டும் எழுதுவது. உயிர்க்குறிகள் பல நூற்றாண்டுகள் கழித்து இடப்பட்டவை. அப்போதும் இந்தப் பெயருக்கு அதன் உயிரைப் போடாமல், 'ஆண்டவர்' என்று வாசிக்க நினைவூட்டும் வேறு சொல்லின் உயிரைப் போட்டார்கள். இரண்டையும் கூட்டி வாசித்ததில் பிறந்ததுதான் யெகோவா. தமிழ் இலக்கணத்தின் மொழியில் சொன்னால் மெய் மட்டும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. அப்போது யூதர்களிடம் அரசு இல்லை, கொல்லும் அதிகாரமும் இல்லை. அந்த நிலையில் உட்கார்ந்துகொண்டு தூஷண வழக்கை எப்படி விசாரிப்பது என்று எழுதிவைத்தார்கள் (சன்ஹெட்ரின் 7:5). முதல் நிபந்தனை: பெயரைத் துல்லியமாக உச்சரித்திருந்தால்தான் குற்றம். அடைமொழிகளைச் சொல்லித் திட்டியதற்கு மரணதண்டனை இல்லை என்பது பெரும்பான்மைக் கருத்து. விசாரணை முழுவதும் சாட்சிகள் பெயருக்குப் பதிலாக யோசே என்ற சாதாரண மனிதப் பெயரைப் போட்டு, யோசே யோசேயை அடிக்கட்டும் என்ற மாதிரி சொல்வார்கள். ஆனால் இடுகுறியை வைத்து ஒருவனைக் கொல்ல முடியாதே. ஆகவே கடைசியில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, சாட்சிகளில் மூத்தவரிடம், நீ கேட்டதை அப்படியே சொல் என்பார்கள். அவர் சொல்வார். நீதிபதிகள் எழுந்து நின்று துணியைக் கிழித்துக்கொள்வார்கள்; அந்தக் கிழிசலை மறுபடி தைக்கக்கூடாது. இரண்டாவது சாட்சி, நானும் அவரைப்போலவே கேட்டேன் என்பார், மூன்றாமவரும் அப்படியே.

இந்தக் காட்சி என்னை விடுவதே இல்லை. தண்டிப்பதற்காக நீதிமன்றம் ஒரு முறை குற்றத்தைச் செய்தாக வேண்டியிருக்கிறது. சாட்சியின் வாயில் அது சான்று, குற்றவாளியின் வாயில் அது சாவு. இந்த வித்தியாசத்தை மிஷ்னா மூடி மறைக்கவில்லை. இன்னொரு இடத்தில் (மக்கோத் 1:10), ஏழு வருஷத்துக்கு ஒருவனைக் கொல்லும் நீதிமன்றம் நாசகார நீதிமன்றம் என்று ஒரு பேச்சு வருகிறது. எழுபது வருஷத்துக்கு ஒன்று என்கிறார் எலியேசார் பென் அசரியா. நாங்கள் இருந்திருந்தால் ஒருவனும் செத்திருக்கமாட்டான் என்கிறார்கள் தர்ஃபோனும் அகிவாவும். அப்படியானால் இஸ்ரவேலில் கொலைகாரர்கள் பெருகியிருப்பார்கள் என்று சிமியோன் பென் கமாலியேல் திருப்பிப் போடுகிறார். வாதம் அங்கேயே நிற்கிறது, யாரும் ஜெயிக்கவில்லை.

அதிகாரம் இல்லாதவர்கள் இந்தச் சட்டத்தைத் தாளுக்குள் கட்டிப்போட்டார்கள். அதிகாரம் கிடைத்த வேறு ஆட்கள் அவிழ்த்துவிட்டார்கள். 1240இல் பாரிஸில் தல்மூதின் மேலேயே தூஷண விசாரணை நடந்தது. 1242இல் 24 வண்டி நிறையப் புத்தகங்களை எரித்தார்கள். 1641இல் மாசசூசெட்ஸ் குடியேறிகள் தங்கள் மரணதண்டனைப் பட்டியலில் தூஷணத்தைச் சேர்த்துப் பக்கத்தில் லேவியராகமம் 24ஐக் குறித்துவைத்தார்கள். 1656இல் குவேக்கர் பிரசங்கி ஜேம்ஸ் நெய்லரைக் கொல்வதா என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் இதே அதிகாரத்தைப் புரட்டிப் புரட்டி வாதிட்டது. கொல்ல வேண்டும் என்று 82 பேர், வேண்டாம் என்று 96 பேர். உயிர் தப்பியது, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் நாக்கைத் துளைத்தார்கள். 'நகப்' என்ற வேரின் முதல் பொருளை நினைத்துக்கொள்ளலாம். 1697 ஜனவரியில் எடின்பரோவில் தாமஸ் எய்க்கன்ஹெட் என்ற மாணவன் தூக்கிலிடப்பட்டான். இருபது வயது. அவன்மேல் இருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று, பழைய ஏற்பாட்டை எஸ்றா கட்டிவிட்ட கதைகள் என்று சொன்னது. இருநூறு வருஷம்கூட ஆகவில்லை, வெல்ஹவுசன் போன்ற ஜெர்மானியப் பேராசிரியர்கள் ஆசாரியச் சட்டங்கள் எஸ்றாவின் காலத்தை ஒட்டியவை என்று தடித்த புத்தகங்களாக எழுதினார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை கண்டனங்கள். இங்கிலாந்தின் தூஷணச் சட்டம் 2008இல்தான் ஒழிந்தது.

லேவியராகமத்துக்குத் திரும்புகிறேன். கல்லெறிந்து முடித்ததும் 24ஆம் அதிகாரம் முடிகிறது. 25ஆம் அதிகாரம் நிலத்தைப் பற்றியது. ஏழாம் வருஷம் நிலத்துக்கு ஓய்வு. ஐம்பதாம் வருஷம் யூபிலி, அவனவன் தன் காணிக்கும் தன் குடும்பத்துக்கும் திரும்பிப் போகலாம். நிலத்தை நிரந்தரமாக விற்கக்கூடாது, ஏனென்றால் நிலம் கடவுளுடையது. நீங்கள் எல்லோருமே அவரிடத்தில் வந்தேறிகள்தான், அண்டிப் பிழைக்கிறவர்கள்தான் என்று 23ஆம் வசனத்தில் சொல்லப்படுகிறது. கைகளில் இன்னும் கல்தூசி இருக்கும் கூட்டத்திடம்தான் இது சொல்லப்படுகிறது என்று, அதிகார வரிசையில் வாசிக்கிறவனுக்குத் தோன்றாமல் இராது. செலோமித் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தாளா, அவள் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்தார்களா என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.